உள்ளுக்குள் குமையும் பழக்கத்தை மாற்றிக்கொள்வது எப்படி?

யாரோ சொன்ன ஒரு சொல், எப்போதோ நேர்ந்த ஓர் அவமதிப்பு, நாம் செய்யாமல் விட்ட ஒரு காரியம் என ஏதோ ஒன்றை மனம் இரவும் பகலும் ஓட்டிக்கொண்டே இருப்பதை நாம் ஒரு பழக்கமாகக் கருதுவதே இல்லை. கேட்டால் ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்கிறோம். கோபப்படுபவரின் குரல் உயர்கிறது, வீட்டில் உள்ளவர்கள் கண்டிக்கிறார்கள், அவரும் ஒருநாள் வெட்கப்பட்டுத் திருந்தப் பார்க்கிறார். குமைபவரோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ, பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்துகொண்டோ சத்தமில்லாமல் குமைகிறார். அவரை யாரும் கண்டிப்பதில்லை, பொறுமைசாலி என்ற பெயர்கூடக் கிடைத்துவிடுகிறது. கோபமும் பொறாமையும் குற்றவுணர்வும் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடக்கூடியவை. அவற்றை ஆறவிடாமல் வைத்திருப்பது இந்தக் குமைதல்தான் என்பதால், மனத்தின் வேண்டாத பழக்கங்களில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

இதை வெறும் சுபாவம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, மனம் சோர்ந்தால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாள் மூலம் பதிவு செய்திருந்தார். அடுத்த இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, லோமா பிரியெட்டா நிலநடுக்கம் அந்தப் பகுதியைக் குலுக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, நிலநடுக்கத்துக்கு முன்பே குமையும் வழக்கம் உடையவராக இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. பிற்பாடு ஆய்வகத்தில் நடத்திய சோதனைகளில், ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்கள் எட்டு நிமிடம் தம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் மனநிலை மேலும் இறங்கியது. அதே எட்டு நிமிடம் தமக்குச் சம்பந்தமில்லாத காட்சிகளைக் கற்பனை செய்தவர்களின் மனநிலை தெளிந்தது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குமைந்தவர்கள் பிரச்சினைகளுக்குச் சொன்ன தீர்வுகளும் மற்றவர்களுடையதைவிடச் சோடையாகவே இருந்தன. குமையும்போது எதையோ ஆழமாகப் புரிந்துகொள்வதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் நம்மை அதிலேயே பிடித்து வைக்கிறது.

கேள்வியை மாற்றுவது

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். அண்ணன் மகளுக்குத் திருமணம். தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்து அண்ணனும் அண்ணியும் நேரில் வந்து அழைப்பார்கள் என்று தங்கை எதிர்பார்த்திருக்க, வாட்ஸ்அப்பில் அழைப்பிதழின் படம் வந்து சேர்கிறது. அதன் கீழே ‘அவசியம் வரவும்’ என்று ஒற்றை வரி. அன்றிரவு படுக்கையில் அவர் மனத்தில் ஓடுபவை இவை: அண்ணனுக்கு நான் ஏன் இவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டேன்? அண்ணியின் வீட்டாருக்கு மட்டும் நேரில் போயிருப்பார்களோ? அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? என்னை யாருமே ஏன் மதிப்பதில்லை?

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இரவு ஒரு மணிக்கு விடை கிடைக்காது. விடை கிடைக்காத கேள்வியை மனம் விடுவதில்லை. மறுபடி மறுபடி அதையே கேட்கும். கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். ஒரு பத்திரிகையில் தொடங்கிய வருத்தம் ‘யாருமே மதிப்பதில்லை’ என்ற பொதுத் தீர்ப்பில் வந்து நிற்கிறது. குமைதலுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்த எக்ஸிடர் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் வாட்கின்ஸ் சுட்டிக்காட்டும் வேறுபாடு இதுதான்: ஒரே விஷயத்தைப் பொதுப்படையாக ‘ஏன் எனக்கு இப்படி’ என்று நினைப்பது நம்மைக் கீழே இழுக்கிறது, நடந்ததைக் குறிப்பாக, ‘எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்’ என்று நினைப்பது வழி காட்டுகிறது. ஆகவே நினைப்பதை நிறுத்த வேண்டியதில்லை, நினைக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

அந்தத் தங்கை மறுநாள் ஒரு தாளை எடுத்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்தது? செவ்வாய் மாலை படம் வந்தது. உடனே எனக்கு என்ன ஆயிற்று? முகம் சூடேறியது, பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்குத் தெரியாதது எது? மற்ற உறவினர்களை எப்படி அழைத்தார்கள் என்பது; அண்ணனுக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது என்பது. நான் எதிர்பார்த்தது எது? முறைப்படி அழைக்க வேண்டும் என்பது. திருமணத்துக்கு முன் என்னால் செய்யக்கூடிய ஒரு காரியம் எது? அண்ணனிடம் நேராகச் சொல்வது. இப்படி எழுதிய பிறகு அவர் போனில் சொல்லக்கூடியது மூன்று வாக்கியத்துக்கு மேல் இராது: “அண்ணா, பத்திரிகை வைக்க நீங்க நேர்ல வருவீங்கன்னு எதிர்பார்த்தேன். வாட்ஸ்அப்ல வந்ததும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துடுவேன், ஆனா இதை மனசுல வச்சுக்கிட்டு வர வேணாம்னுதான் சொல்றேன்.” அண்ணன் மன்னிப்புக் கேட்கலாம், எரிந்தும் விழலாம், இரண்டில் எது நடந்தாலும் தங்கையிடம் இப்போது இருப்பது தெரிந்த ஒரு செய்தி, யூகம் அல்ல.

எழுதும்போது தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழிக்குச் சொல்வதுபோல ‘நீ இப்போது என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்பதும் உதவும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், ‘நான்’ என்று தமக்குள் பேசிக்கொண்டவர்களைவிடத் தம் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் பதற்றமான சூழ்நிலையைச் சற்று விலகி நின்று கையாண்டார்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். மனத்துக்குள் செய்வதை யாரும் கேட்கப்போவதில்லை.

நேரம் ஒதுக்குவது

‘அதை நினைக்காதே’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இதைவிடப் பயனற்ற அறிவுரை குறைவு. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட பெயர்பெற்ற சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடை நீங்கியதும் மற்றவர்களைவிட அதிகமாகவே அதை நினைத்தார்கள். அடக்குவதற்குப் பதிலாகத் தள்ளிப்போடலாம். தாமஸ் போர்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் ஓயாமல் கவலைப்படுபவர்களுக்குப் பரிந்துரைத்தது அதைத்தான்: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுங்கள், மற்ற வேளைகளில் கவலை வந்தால், அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவையுங்கள்.

இதை நம் வீடுகளுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இடம் படுக்கையாக இருக்கக் கூடாது. படுத்தாலே குமைய வேண்டும் என்று மனம் ஏற்கெனவே பழகியிருக்கும். நேரம் இரவு எட்டு மணிக்குப் பிறகு இருக்கக் கூடாது, தூக்கம் கெடும். மாலைத் தேநீருக்குப் பின் மொட்டைமாடியிலோ, சாப்பாட்டு மேசையின் ஒரு குறிப்பிட்ட நாற்காலியிலோ அமர்வது பலருக்குத் தோதாக இருக்கும். காலையில் குளிக்கும்போது பத்திரிகை விஷயம் தலைதூக்கினால், வெளியே வந்து ஒரு சீட்டில் ‘பத்திரிகை’ என்று ஒரே சொல்லை எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். மாலை அமரும்போது சீட்டை எடுத்துப் பார்த்தால், எழுதியவற்றில் பாதி அதற்குள் உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும். மீதியை மேலே சொன்னபடி தாளில் எழுதிக் கேள்வியை மாற்றலாம்.

இதில் நான் பிடிவாதமாக வற்புறுத்துவது எழுதுவதைத்தான். மனத்துக்குள் ஓடும்போது முடிவில்லாததாகத் தோன்றும் புலம்பல், தாளில் இறங்கினால் பெரும்பாலும் ஆறு வரியில் முடிந்துவிடுகிறது.

பேசுவதில் உள்ள சிக்கல்

மனத்தில் இருப்பதை யாரிடமாவது கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது பாதிதான் உண்மை. அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடையே அமண்டா ரோஸ் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பிரச்சினையைத் தீர்க்காமல் திரும்பத் திரும்பச் சேர்ந்து பேசி அலசிக்கொண்டே இருக்கும் நண்பர்களுக்கிடையே நெருக்கம் கூடுதலாக இருந்தது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. சித்தி மகளுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் அண்ணியின் குணத்தை அலசி முடிக்கும்போது, இருவருக்கும் ஒட்டுதல் கூடியிருக்கும், வருத்தமும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். பேசத் தொடங்கும்போதே, “பத்து நிமிஷம் நான் சொல்றதைக் கேளு, அப்புறம் நான் என்ன செய்யலாம்னு மட்டும் சொல்லு” என்று கேட்டுக்கொள்ளலாம். ‘ஆமா, அவங்க எப்பவுமே அப்படித்தான்’ என்று எண்ணெய் ஊற்றுபவரைவிட, ‘அண்ணன்கிட்ட கேட்டியா?’ என்று கேட்பவர் உங்களுக்கு நல்லது செய்கிறார்.

எவ்வளவு நாள் பிடிக்கும்?

குமைவதற்கும் குறிப்பிட்ட வேளைகளும் தூண்டுதல்களும் உண்டு: உறவினர்கள் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், விளக்கை அணைத்த பிறகு வரும் முதல் கால் மணி நேரம், கைகள் மட்டும் வேலை செய்யும் வீட்டுவேலை நேரம். ஒரு வாரம் அவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு மாற்றை முடிவுசெய்ய வேண்டும். ‘இனிமேல் குமைய மாட்டேன்’ என்ற பொதுவான உறுதி நிற்பதில்லை. ‘விளக்கை அணைத்த பின் அந்த நினைப்பு வந்தால், எழுந்து அமர்ந்து சீட்டில் எழுதுவேன்’ என்ற குறிப்பான உறுதி நிற்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இருபத்தொரு நாளில் பழக்கம் மாறிவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், உணவு, உடற்பயிற்சி போன்றவற்றில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 66 நாள்களோ அதற்கு மேலோ ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு ஏதும் நேரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. குமையும் பழக்கமுள்ளவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் ‘நேற்று மறுபடியும் குமைந்துவிட்டேனே’ என்று அதை நினைத்தே குமையத் தொடங்குவது இவர்களுக்குக் கைவந்த கலை.

இந்த வழிமுறையைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. வீட்டில் அடி உதை, வேலையிடத்தில் சம்பளப் பாக்கி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் போன்றவை நடந்துகொண்டிருக்கும்போது, அவற்றைப் பற்றி ஓயாமல் நினைப்பதை மனத்தின் கோளாறாகப் பார்ப்பது அநியாயம். ‘பொறுத்துப் போ’ என்ற அறிவுரையை, குறிப்பாகப் பெண்களிடம், இன்னொரு பெயரில் சொல்வதாக அது முடியும். அங்கேயும் தாளில் எழுதுங்கள். ஆனால் தேதி, இடம், யார் இருந்தார்கள் என்ற விவரங்களை எழுதுங்கள். அது புகார் கொடுக்கும்போது பயன்படும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அல்லது அர்த்தமற்றது என்று தெரிந்தும் ஒரே எண்ணம் விடாமல் துரத்தி, கை கழுவுதல், திரும்பத் திரும்பச் சரிபார்த்தல் போன்ற செயல்களில் கொண்டுபோய் விட்டால், தாளும் பேனாவும் போதாது; மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மாலை நேரம்வரை ஒத்திவைக்காமல் அப்போதே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது, எந்த வேளையில் குமைகிறீர்கள், ஏறத்தாழ எவ்வளவு நேரம், எதில் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதி வைத்த சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் ஏறக்குறைய அவற்றைத்தான்.