ஊர் வீட்டை விற்கப் போகிறீர்களா? ரிக்கெற் போடுவதற்கு முன் வாசியுங்கள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்குவது யாழ்ப்பாணத்துக் காணித் தரகர்கள் எல்லோருக்கும் தெரியும். நாலு கிழமை லீவு. அதற்குள் கோயில், கலியாணவீடு, சொந்தக்காரர் வீடு, இடையில் அப்பா அம்மாவின் வீட்டையும் விற்றுவிட்டுப் போகவேண்டும். ஊர் வீடுகள் மலிவாகப் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இந்தத் திரும்பிப் போகும் திகதிதான். “வாற வெள்ளி பிளேன், அதுக்குள்ள முடிப்பம்” என்று நீங்கள் சொன்னபிறகு வாங்குகிறவர் பேரம் பேசவே தேவையில்லை. வியாழன் வரைக்கும் பேசாமல் இருந்தால் போதும்.

ஆகவே விற்பனையின் முக்கால்வாசி வேலை நீங்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

வீடு யாருடைய பெயரில் இருக்கிறது?

“எங்கட வீடு” என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்திருப்போம். உறுதியை (காணிப் பத்திரத்தை) எடுத்துப் பார்த்தால் அது இறந்துபோன ஐயாவின் பெயரில் இருக்கும். அல்லது அம்மம்மா அம்மாவுக்கு எழுதிய சீதன உறுதியாக இருக்கும். அல்லது உறுதியே இராது. இடப்பெயர்வில் எங்கேயோ போயிருக்கும். உறுதி தொலைந்ததற்காகப் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுபடுத்துபவர்) எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் பிரதி எடுப்பது சுலபம். தெரியாவிட்டால் காணியின் பெயரை வைத்துத் தேடவேண்டும், அதற்கு நாள் எடுக்கும். உறுதி கையில் இருந்தாலும் பதிவகத்தில் தோம்பு (அந்தக் காணிக்குரிய பதிவேட்டின் பிரதி) எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஈடோ, வழக்கோ, வேறு யாரும் எழுதிய உறுதியோ இருந்தால் அங்கேதான் தெரியவரும்.

பெற்றோர் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால் வீடு பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது. பாரிஸில் இருக்கும் தம்பி, ஊரிலேயே இருந்த அக்கா, வன்னியில் இறந்த அண்ணாவின் பிள்ளைகள், எல்லோரும் பங்காளிகள். பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை உரியவர்களுக்கு ஒப்படைக்கும் வழக்கு) வைக்கவேண்டி வரும். அது ஒரு லீவில் முடிகிற காரியம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட சகோதரம் இருக்கிற குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம், மனதுக்கும்தான். 2016 இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, இறந்துவிட்டார் என்று பதியாமலேயே அவர் காணப்படவில்லை என்று சான்றிதழ் பெறலாம். ஆனால் அவருடைய பங்கை மற்றவர்கள் தாங்களாகவே கையெழுத்து வைத்து விற்க முடியாது. அதற்குரிய வழியைச் சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள். அவருடைய பெயரை விட்டுவிட்டு எழுதுவோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும் என்பதை வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பலர் அறியார். இரண்டு விடயங்கள் விற்பனையைத் தொடும். ஒன்று, மணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்க 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. சீதன வீட்டை விற்க வரும் அக்காமார் இதைப்பற்றி நொத்தாரிசிடம் முன்கூட்டியே பேசவேண்டும். அத்தானைக் கனடாவின் மார்க்கம் நகரில் விட்டுவிட்டுத் தனியே வந்து, ஒரு கையெழுத்துக்காகக் காரியம் முழுவதும் நிற்கக்கூடாது. கணவர் பிரிந்திருந்தாலோ சம்மதிக்க மறுத்தாலோ நீதிமன்றத்தை நாட இடமுண்டு. மற்றது முன்னுரிமைக் கொள்வனவு. பிரிக்கப்படாத காணியில் உங்கள் பங்கை வெளியாருக்கு விற்கமுன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைப் பங்காளிகளுக்கும், விற்பவரின் உரித்தாளர்களுக்கும் என்று வரையறுத்திருக்கிறது. “போனில சொன்னனான் தானே” என்பது நீதிமன்றத்தில் நிற்காது. எழுத்தில் அறிவித்து, வேண்டாம் என்பவர்களிடம் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்க, சண்டைக் காலம் முழுவதும் அந்த வீட்டில் விளக்கேற்றி, அம்மாவைக் கடைசிவரை பார்த்த சகோதரத்தோடு முதலில் இருந்து பேசுங்கள். தரகர் வாயிலாக அவர் செய்தி அறிவது பெரும் பிழை. அந்தக் கோபத்தில் நின்றுபோன விற்பனைகள் ஊருக்கு ஊர் உண்டு.

எல்லையும் கிணறும்

பழைய உறுதியில் “பரப்பு 4” என்று இருக்கும். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நிலத்தில் அளந்தால் மூன்றே முக்கால்தான் வரும். கதியால் வேலி வருடத்துக்கு வருடம் நகரும், அதை அடைத்து மதில் கட்டும்போது இன்னும் கொஞ்சம் நகரும். ஆகவே விலை பேசமுன் அனுமதி பெற்ற நிலஅளவையாளரைக் கொண்டு புதிய படம் எடுங்கள். அயலவரை அழைத்து, அவர் முன்னால் அளப்பது நல்லது. விலை பேசியபின் அளந்தால் குறைந்த கால் பரப்பைச் சொல்லி முழு விலையையும் குறைப்பார்கள்.

உறுதியில் “பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்” என்ற வரி இருக்கிறதா என்று கவனியுங்கள். கிணறு பக்கத்து வளவுக்குள் இருக்கலாம். அதற்குப் போகும் ஒழுங்கை இப்போது யாருடையதோ மதிலுக்குள் இருக்கலாம். பாதை உரித்து இல்லாத காணிக்கு வங்கி கடன் கொடாது. கடன் எடுத்து வாங்குகிறவர்தான் பெரும்பாலும் நல்ல விலை தருபவர்.

வீட்டில் யாராவது இருக்கிறார்களா? “பார்த்துக்கொள்ளுங்கோ” என்று சாவியைக் கொடுத்து, ஒரு துண்டும் எழுதாமல் விட்டவர்கள் ஏராளம். இலங்கையில் பத்து வருட எதிரிடையான ஆட்சி (உரிமையாளருக்கு எதிராகக் காணியைத் தன்னுடையதுபோல வைத்திருப்பது) உரித்தாக மாறலாம். உங்கள் அனுமதியோடு இருந்தவருக்கு அது பொருந்தாது என்றாலும், அனுமதி கொடுத்ததை நிரூபிக்கும் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் வழக்கு வைக்க முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் வழக்கு வைக்க அது கொடுத்த காலம் குறுகியது. இருப்பவர் எழும்பாமல் விற்பனை உறுதி எழுதாதீர்கள்.

அற்றோணி

நேரில் நிற்க முடியாதவர்கள் அற்றோணித் தத்துவம், அதாவது தங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து, இலங்கையில் உறுதிப்படுத்திப் பதியலாம். “எல்லாவற்றுக்கும்” என்று பொது அற்றோணி கொடுக்க வேண்டாம். இந்தக் காணி, இந்தப் படம், இதற்குக் குறையாத விலை, பணம் இந்தக் கணக்குக்கு என்று குறித்துக் கொடுங்கள். இன்னொன்று: அற்றோணி கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் அத்தோடு முடிந்துவிடும். ஸ்காபரோவில் அம்மா கண்மூடிய பிறகும் பழைய அற்றோணியை வைத்து எழுதும் உறுதி நிற்காது.

பணம்

முத்திரை வரி வாங்குகிறவர் கட்டுவது: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதனால்தான் “உறுதியில குறைச்சு எழுதுவம், மிச்சத்தைக் கையில தாறன்” என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். கையில் வரும் அந்தக் காசுக்கு வங்கியில் காட்ட உங்களிடம் தாள் இராது. வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. நாளைக்கு விற்பனை பிழைத்தால் உறுதியில் உள்ள தொகையைத்தான் கேட்கலாம்.

மூலதன ஆதாய வரி, அதாவது சொத்து விற்ற ஆதாயத்துக்கான வரி, நீங்கள் கட்டுவது. 10 வீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் தனியாட்களுக்கு 15 வீதம். 2017 செப்டெம்பர் 30 இற்கு முன்பே உங்களுடையதாக இருந்த சொத்துக்கு அந்த நாளின் சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாக (நீங்கள் வாங்கிய விலையாக) கொள்ளப்படும். எனவே அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கையைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எடுத்தால் வரி நியாயமான அளவுக்கு இறங்கும். குடியிருக்கும் வீட்டுக்கு உள்ள விலக்கு, அங்கே வாழாத உங்களுக்குக் கிடைக்காது. விற்று ஒரு மாதத்துக்குள் வரி விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். வரி இலக்கம் இல்லாவிட்டால் அதை முதலே எடுங்கள்.

பணத்தை வெளியே கொண்டுபோக எண்ணினால் வாங்குபவரிடம் முற்பணம் எடுக்கமுன் வங்கிக்குப் போங்கள். புலம்பெயர்ந்தோரின் சொத்து விற்ற பணத்துக்கென்று மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு இருக்கிறது. அனுப்பக்கூடிய உச்சத்தொகையை அரசு காலத்துக்குக் காலம் மாற்றும். விற்பனைப் பணம் தம்பியின் சேமிப்புக் கணக்குக்குப் போனபின் அதை உங்களுடையது என்று காட்டுவது பெரும்பாடு. கனடாவில் வதிபவர்கள் அங்கேயும் ஆதாயத்தைக் காட்டவேண்டும். இலங்கையில் கட்டிய வரியைக் கழிக்கக் கேட்கலாம், ஆகவே பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

வாங்குகிறவரும் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் என்றால் நிதானியுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாக அந்நியருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். சுவிஸ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் நண்பருக்கு வாய்ப்பேச்சில் விலைபேசி முற்பணம் வாங்கிவிட்டு, நொத்தாரிசு வீட்டு வாசலில் நட்பு முறிந்துபோக விடாதீர்கள்.

கையெழுத்து வைக்கும் நாளை லீவின் முதல் கிழமையில் போடுங்கள். வங்கி, பதிவு, சோலைவரி (வீட்டு வரி) நிலுவை, மின்சாரக் கணக்கின் பெயர்மாற்றம் எல்லாவற்றுக்கும் மிச்சக் கிழமைகள் வேண்டும். சாவி கொடுப்பதற்கு முதல்நாள் சாமியறைப் படங்களையும் அலுமாரித் தட்டில் கிடக்கும் பழைய கடிதக் கட்டுகளையும் எடுத்துவிடுங்கள். அதற்குள் தாத்தாவின் உறுதிகள் இருந்தால், விற்ற காணியின் உறுதிகளை மட்டும் புதியவரிடம் கொடுத்து மற்றவற்றை அக்காவிடம் ஒப்படையுங்கள்.