கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறீர்களா? உரைகல் வெளியே வரும் முன் படியுங்கள்

ஊரில் ஒரு மாலை குழந்தை வீறிட்டு அழும். "வயித்துப் பொருமல்தான், வசம்பை உரசிக் குடு" என்று பாட்டியோ அம்மம்மாவோ உரைகல்லோடு வந்துவிடுவார். என்ன பதில் சொல்வது என்று விமானம் ஏறும் முன்பே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் வாதாடினால் மனத்தாங்கலில்தான் முடியும்.

வசம்பை விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் இழைத்து, நாக்கில் தடவுவது தலைமுறை வழக்கம். 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பேர். ஆனால் அதில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. விலங்குச் சோதனைகளில் அது புற்றுக்கட்டி உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அமெரிக்க, ஐரோப்பிய வகைகளைவிட நம் ஊர் வசம்பில் அது அதிகம். சுட்டபின் எவ்வளவு மிஞ்சும், உரசலில் எவ்வளவு இறங்கும் என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. உரைமருந்தில் சேரும் ஜாதிக்காயும் அளவு மீறினால் மயக்கும். குழந்தை தூங்கிவிட்டது என்பதற்காக வலி தீர்ந்தது என்று ஆகாது.

சோம்புக்குக் (பெருஞ்சீரகம்) கொஞ்சம் ஆதாரம் உண்டு, மறைப்பானேன். அதன் எண்ணெய்க் கரைசல் அழுகையைக் குறைத்ததாக 2003-ல் வெளியான ரஷ்ய ஆய்வு சொன்னது. அது அளந்து தயாரித்தது. அடுப்படியில் கொதிக்கும் சோம்புத் தண்ணீர் வேறு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிரைப் வாட்டருக்கும் ஓம வாட்டருக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. தேன், ஒரு வயதுவரை தொடவே கூடாது.

இந்த அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அந்த நேரத்தில் எது உரசப்பட்டதோ அதற்குப் பேர் போய்ச் சேரும்!

அதற்காகப் பாட்டியை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி இதமாக நீவிவிடட்டும்; தோளில் போட்டு நடக்கட்டும். மூக்கில் மட்டும் எண்ணெய் விட வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வசம்பு வளையலை யாராவது கொண்டுவந்தால், கையில் போட்டால் வாய்க்குத்தான் போகும்; குழந்தைக்கு எட்டாமல் வாசல் நிலையில் கட்டிவிடுங்கள். திருஷ்டிக்கு அது போதும்.

பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ மேலோ காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஏற்கெனவே ஏதாவது உரசிக் கொடுத்திருந்தால், பாட்டியைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.