ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மலச்சிக்கல், சிறுநீர்க் கசிவு: வீட்டில் நடக்கும் தவறுகள்

உள்ளாடையில் நாளுக்கு நாலு தடவை மலம் தண்ணியாகக் கசிகிறது என்றதும் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். பல வீடுகளில் சிக்கல் முற்றுவது இங்கேதான். பல நாள் வெளியேறாத மலம் மலக்குடலில் கெட்டிப்பட்டு அடைத்திருந்தால், மேலே இருக்கும் இளகிய மலம் அதன் ஓரமாக வழிந்து கசியும். பார்க்கப் பேதி, உள்ளே மலச்சிக்கல். லோபரமைடு குடலின் அசைவை இன்னும் மந்தமாக்குவதால் அடைப்பு இறுகும். கடைசியாக வாழைப்பழம் போல முழுசாக மலம் போனது எந்த நாள் என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம் ஆகியிருந்து, வயிறும் உப்பி, அவருக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். காலண்டரில் தேதி, நேரம், வடிவம் (ஆட்டுப் புழுக்கையா, கூழா) குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

நிரம்பிய மலக்குடல் முன்னால் உள்ள சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீரும் சொட்டும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் குறைப்பது அடுத்த தவறு. அடர் மஞ்சளான சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் காயும். இருதய, சிறுநீரக நோய் இல்லாதவருக்கு நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் பிரித்துக் கொடுங்கள். குறைப்பதானால் படுக்கைக்கு முந்தைய 2 மணி நேரம் மட்டும். மலச்சிக்கலுக்குத் தரும் இசப்கோல் நார்ப்பொடியைத் தண்ணீர் போதாமல் கொடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

'வேணும்னே பண்றான்' என்று திட்டுவதில் பயனில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியதை உடல் உள்ளிருந்து சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாமதமாகவோ மங்கலாகவோதான் எட்டும். பேச்சு இல்லாதவர் திடீரெனத் தலையை இடித்துக்கொண்டாலும், மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தினாலும் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

கழிவறையே அவரை விரட்டலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல், ஃபினாயில் நெடி, ஹெல்த் ஃபாசெட்டின் சில்லென்ற பீச்சல். ஃபேனை நிறுத்துங்கள், மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், அவர் வெளியே வந்தபின் ஃப்ளஷ் செய்யுங்கள். சாப்பிட்டதும் குடல் தானே அசையும் என்பதால், காலை உணவு முடிந்து 20-30 நிமிடத்தில் உட்கார வைப்பது நல்லது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க வராது. முழங்கால் இடுப்பைவிட உயரும்படி பாதத்துக்கு அடியில் மணை போடுங்கள். 10 நிமிடம் போதும்.

மருந்துச் சீட்டையும் பாருங்கள். நடுக்கத்துக்குச் சேர்க்கும் டிரைஹெக்ஸிபெனிடில், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், மனநோய்க்கான குளோசபின் எல்லாம் மலத்தைக் கட்டும். சிறுநீரையும் தேக்கலாம். குளோசபின் தரும் மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடம் பேசுங்கள். சிறுநீர்க் கசிவுக்கு ஆக்ஸிபியூடினின் எழுதப்பட்டால், 'மலம் சரியாகப் போவதில்லை' என்பதையும் சொல்லுங்கள். அதுவும் மலத்தைக் கட்டும் மருந்துதான்.

இரண்டு நாள் நன்றாகப் போனதும் மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். விரிந்துபோன மலக்குடல் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். அளவைக் குறைப்பது டாக்டர் சொல்லித்தான். மலமிளக்கியான பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை, உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுசாகக் கரைத்தே கொடுக்க வேண்டும்.

இத்தனை வருடம் சரியாக இருந்தவருக்குப் புதிதாகக் கசிந்தால் 'ஆட்டிசம்தான்' என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு புடைத்திருந்தாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, கசிவோடு கால் பலவீனமானாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.