மிச்சிகனில் டவுன்ஷிப் போர்டைத் திரும்ப அழைக்கும் மனு: எங்கே தேறும், எங்கே விழும்

காற்றாலைக்கோ சோலார் பண்ணைக்கோ டவுன்ஷிப் போர்டு (சிற்றூரின் நிர்வாகக் குழு) ஊரைக் கேட்காமல் தலையாட்டிவிட்டால், மிச்சிகன் சிற்றூர்களில் பலரும் கையில் எடுப்பது, உறுப்பினரைப் பதவிக்காலம் முடியுமுன் திரும்ப அழைக்கும் ரீகால் மனு. 2023 நவம்பரில் கிரீன் சார்ட்டர் டவுன்ஷிப்பில் கோஷன் நிறுவனத்தின் பேட்டரி ஆலையை ஆதரித்த ஐந்து பேர் இப்படித்தான் பதவி இழந்தார்கள்.

ஆனால் ரீகாலால் ஆள் மாறுவார், கையெழுத்தான ஒப்பந்தம் மாறாது. அதே ஊரில் புதிய போர்டு ஆலைக்கான தண்ணீர்க் குழாய் நீட்டிப்புக்கான ஆதரவை விலக்கிக்கொண்டதும் நிறுவனம் வழக்குப் போட்டது. ஒப்பந்தப்படி நடக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஃபெடரல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. தவிர, 2023-ன் 233-ஆம் சட்டம் 2024 நவம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. 50 மெகாவாட்டுக்குக் குறையாத சோலாருக்கும் 100 மெகாவாட்டுக்குக் குறையாத காற்றாலைக்கும் மாநிலப் பொதுச்சேவை ஆணையத்திடமே அனுமதி வாங்க அது வழி விடுகிறது.

உங்கள் சண்டை புதிதாக வந்த நில மண்டல விதியோடு என்றால் ரீகாலை விட, அந்த விதியையே ஊர் வாக்குக்கு விடக் கேட்கும் வாக்கெடுப்பு மனு நேரான வழி. விதி செய்தித்தாளில் வெளியான 7 நாளுக்குள் மனு போடப்போவதாக டவுன்ஷிப் கிளார்க்கிடம் நோட்டீஸ், 30 நாளுக்குள் மனு. கடந்த கவர்னர் தேர்தலில் அங்கே பதிவான வாக்கில் 15% கையெழுத்து. அந்த 7 நாளைத் தவறவிட்டால் இந்த வழி மூடிவிடும்.

ரீகால்தான் என்று முடிவானால், காலண்டரைப் பாருங்கள். நான்காண்டுப் பதவியின் முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் மனு தாக்கல் செய்ய முடியாது. 2024 நவம்பர் 20-ல் பதவியேற்றவர்களுக்கு இடைப்பட்ட இரண்டே ஆண்டுதான்.

அடுத்தது காரண வாசகம். பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். சொல்லும் காரணம் நடப்புப் பதவிக்காலத்தில் அவர் செய்ததாக இருக்க வேண்டும், உண்மையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். தாக்கல் செய்த 10 முதல் 20 நாளுக்குள் கவுண்டி (மாவட்டம் போன்றது) தேர்தல் ஆணையம் விசாரித்து இதைத் தீர்மானிக்கும். ‘கம்பெனிக்கு ஊரை விற்றார்’ என்று எழுதினால் அங்கேயே தள்ளுபடி. ‘இன்ன தேதிக் கூட்டத்தில் இன்ன தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்’ என்று எழுதுங்கள். தேதி, தீர்மானத்தின் பெயர், யார் யார் கை தூக்கினார்கள் என்பதைக் கூட்டக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரைவுக் குறிப்பைக் கூட்டம் முடிந்த 8 வேலைநாளுக்குள் பார்வைக்கு வைப்பது அவர்கள் கடமை. ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தில் அன்று வராதவரையும் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பல காரணங்களை அடுக்குவதும் ஆபத்து. ஒன்று பொய்த்தாலும் மனு முழுக்க ஆட்டம் காணும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனி மனு. முடிவை எதிர்த்து 10 நாளுக்குள் சர்க்யூட் நீதிமன்றம் போகலாம். அந்த உரிமை மனுவில் குறிப்பிட்ட உறுப்பினருக்கும் உண்டு.

வாசகம் தேறிவிட்டால் 180 நாள் செல்லும். ஆனால் கையெழுத்து முழுவதும், மனுவைக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். தேவை, கடைசிக் கவர்னர் தேர்தலில் டவுன்ஷிப்பில் பதிவான வாக்கில் 25%: 1,200 வாக்கு என்றால் 300 கையெழுத்து. 2026 நவம்பர் கவர்னர் தேர்தலுக்குப் பின் இந்த அடிப்படை எண்ணே மாறும். கால்வாசியாவது கூடுதலாக வாங்குங்கள், கழிவு நிச்சயம் இருக்கும். அந்த டவுன்ஷிப்பில் பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம். கிரீன் கார்டோ விசாவோ வைத்திருக்கும் நம்மவர் போடும் கையெழுத்து செல்லாது. ஆனால் போர்டுக் கூட்டத்தில் எழுந்து பேச அவர்களுக்கும் உரிமை உண்டு.

தாளைச் சுற்றுக்கு எடுத்துச் சென்றவர் அடியில் கையெழுத்திட்டுத் தேதி போடுவது கடைசி வேலை. அவர் 5-ஆம் தேதி போட்ட தாளில் 6-ஆம் தேதிக் கையெழுத்து இருந்தால் அது கழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தாளும் நிறைந்தபின், வரி வரியாகப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

மனுவைக் கவுண்டி கிளார்க்கிடம் கொடுத்தால் 35 நாளுக்குள் சரிபார்த்துச் சொல்வார். தேர்தல் மே அல்லது நவம்பரில்தான். வாக்குச்சீட்டில் ‘வேண்டுமா, வேண்டாமா’ இருக்காது. பதவியில் இருப்பவரும் எதிர்த்து நிற்பவரும்தான் இருப்பார்கள். கையெழுத்து வேட்டை தொடங்குமுன்பே, மீதிக்காலம் போர்டை நடத்தத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு இடத்துக்கும் சம்மதிக்க வைத்துவிடுங்கள்.