மெதுவாக ஓடியும் வாட்ச் 170 காட்டினால்

மெல்ல ஓடும்போதே வாட்ச் இதயத் துடிப்பு 170 என்று காட்டி, அதிர்ந்து 'வேகத்தைக் குறை' என்றால் ஓடும் ஆசையே போய்விடும். உடனே நின்று, கழுத்தில் 15 விநாடி நாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். வாட்ச் காட்டியதைவிட எண் வெகுவாகக் குறைந்தால் பிரச்சினை பெரும்பாலும் வாட்ச் பட்டையில். அது தளர்ந்திருந்தால் பச்சை ஒளி சென்சார் கையின் ஆட்டத்தைத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170 காலடி வைத்தால் துடிப்பும் 170 என்றே காட்டக்கூடும்.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, நகராதபடி கட்டியதும் எனக்குச் சரியானது. வேகத்தை ஏற்றி இறக்கும் பயிற்சிக்கு மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையே நம்பகம். அதில் தோலைத் தொடும் மின்முனைகளை நனைத்துக் கட்டுங்கள். காய்ந்திருந்தால், வியர்க்கும்வரை எண் தாறுமாறாகும்.

ஓட்டத்தைப் பதியும் ஆப்பின் குரல் அறிவிப்பையும் கணநேர வேகத்திலிருந்து 1 கி.மீ. சராசரிக்கு மாற்றுங்கள். ஜிபிஎஸ் தடுமாற்றம் அதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.