சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஊசி பயாப்சி: இரத்தக்கசிவைத் தடுக்கும் வழிகள்

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் உறைதல் நேரமும் இயல்பாக இருந்தாலும், பயாப்சிக்குப் (சிறுநீரகத்தில் ஊசி செலுத்திச் சிறு திசுத் துணுக்கை எடுக்கும் பரிசோதனை) பிறகு இரத்தம் கசியலாம். வெளியேறாமல் தேங்கும் கழிவுகள் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மந்தப்படுத்துகின்றன. இரத்தசோகை இருந்தால் இக்குறை இன்னும் கூடும். ஆகவே "ரிப்போர்ட் நார்மல்" என்பதோடு நிறைவடைந்துவிட வேண்டாம்.

சிறுநீரகங்கள் இரண்டும் ஏற்கெனவே சுருங்கியிருந்தால், பயாப்சியின் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றாது எனில், பெரும்பாலும் அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை.

நாள் குறித்தவுடன், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, உட்கொள்ளும் அனைத்தையும் எழுதிக் கொடுங்கள். அவசரமற்ற பயாப்சி என்றால் ஆஸ்பிரினைச் சுமார் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக எதையும் நிறுத்தவே கூடாது, ஏனெனில் ஸ்டென்ட் அடைபடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரத்த அழுத்தத்தை 140/90க்குக் கீழே கொண்டுவருவது மிக முக்கியம். கட்டுக்குள் வராவிட்டால் பயாப்சியைத் தள்ளிவைப்பதே நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, பயாப்சிக்கு முன் ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சேர்க்காமல் டயாலிசிஸ் செய்தால் தேங்கிய கழிவு குறைந்து தட்டணுக்களின் செயல் ஓரளவு மேம்படும். சிலருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் என்ற அளவில் இரத்தக்கசிவைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்துவார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் பலன் தெரியும். சில மணி நேரம் நீடிக்கும். இது உடலில் நீரைத் தேக்கிச் சோடியத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், அன்று எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி செலுத்தப்படும். மூச்சை அடக்கச் சொல்லும்போது அசையாதிருங்கள். பிறகு சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கசிவு தாமதமாகவும் தோன்றும் என்பதால், 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்குவதே பாதுகாப்பு. சிறுநீர் இலேசாகச் சிவப்பது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இரத்தக்கட்டிகள், சிறுநீர் அடைப்பு, கூடிக்கொண்டே போகும் விலாவலி, தலைசுற்றல், படபடப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே தெரிவியுங்கள்.

வீடு திரும்பியபின் ஓரிரு வாரங்கள் பளு தூக்கக் கூடாது. அடுத்த டயாலிசிஸுக்குச் செல்லும்போது, பயாப்சி நடந்ததை அங்குள்ள செவிலியரிடம் முதலிலேயே சொல்லி, ஹெப்பாரின் சேர்க்கலாமா என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்த பின்னரே ஊசி குத்த அனுமதியுங்கள்.