பாட்டியின் வெள்ளி ரூபாயைத் தேய்க்காதீர்கள்

ஊருக்குப் போன இடத்தில் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் நாலு வெள்ளி ரூபாய் கிடைத்தால், தயவுசெய்து விபூதியும் புளியும் போட்டுத் தேய்க்காதீர்கள். நான் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, விலை போய்விட்டது. சேகரிப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் வேண்டும், தேய்த்த காசை வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள்.

முதலில் வருடத்தைப் பாருங்கள். விக்டோரியா ராணி, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி 91.7 சதவீதம், ஆறாம் ஜார்ஜ் தலை போட்டதில் 1940 முதல் 1945 வரை பாதிதான். 1947 புலி ரூபாய் முழுக்க நிக்கல், காந்தம் ஒட்டும், அதையும் வெள்ளி என்று பொத்திவைத்திருக்கும் வீடுகள் உண்டு. வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா. நகைத் தராசில் போட்டால் தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம், 10 கிராமுக்குக் கீழே போனால் ஏதோ கோளாறு.

தரம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேடான இடங்களைப் பாருங்கள்: ராணியின் கன்னம், கிரீடம், ராஜாவின் காது, தாடி, அங்கி வேலைப்பாடு. அங்கேதான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கிறது. 1911ல் அது பன்றி மாதிரி இருக்கிறதென்று சர்ச்சையாகி, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டு 1912ல் படத்தைத் திருத்தினார்கள், அதனால் 1911க்கு மவுசு அதிகம். அப்புறம் விளிம்பு. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை. 1939 ரூபாய் மிக அரிது, யாராவது நீட்டினால் போலி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்குத் திரும்பும்போதுதான் சிக்கல். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான நாணயம் இந்தியாவில் தொல்பொருள், தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1936 தவிர மற்றதெல்லாம் 1922க்குள் அடித்தவை. ஆக, நல்ல வெள்ளியெல்லாம் அநேகமாக ஊரிலேயே இருக்க வேண்டியதுதான், பாதி வெள்ளிக்குத்தான் வயது இன்னும் ஆகவில்லை. பழைய காசு விற்கும் கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது, பையில போட்டுக்குங்க" என்பார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது அவர் வரப்போவதில்லை.

நான் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, தனித்தனி காகித உறையில் போட்டுச் சித்தியிடமே கொடுத்துவிட்டேன், தேய்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி.